நாட்டின் விடுதலையும் நிலத்தின் உரிமையும்

1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் நள்ளிரவில், கோலாலம்பூர் சிலாங்கூர் கிளப் திடலில் பிரிட்டிஷ் கொடி இறங்கிற்று; மலாயாக் கூட்டரசின் கொடி ஏறிற்று. அத்திடலுக்கு அண்மையில் உள்ளது மஸ்ஜித் இந்தியா. 1863இல் எழுந்த பள்ளிவாசலின் பெயரைத் தாங்கிய அவ்வணிக வீதிக்குத் தீபாவளித் துணி வாங்கத் தோட்டப்புறத் தமிழர் வருவது நெடுநாள் வழக்கம். அவர்தம் மடியிலிருந்த பணம் ரப்பர் விலையைப் பொறுத்தது; ரப்பர் விலையோ கடல் கடந்த சந்தைகளில் முடிவாயிற்று. 1950இல் மூண்ட கொரியப் போர் அவ்விலையை உயர்த்தியது. பின்னர் அது சரிந்தபோது தடுக்க வல்லார் இங்கு எவருமிலர்.

அரசியல் விடுதலை ஓர் இரவில் வந்தது. பொருளியல் விடுதலை அவ்வாறு வரவில்லை. கானாவுக்குக் கொக்கோ, சாம்பியாவுக்குச் செம்பு, இலங்கைக்குத் தேயிலை என வளரும் நாடுகள் பலவும் ஓரிரு விளைபொருள்களையே நம்பி நின்றன. மலாயாவிலும் பெருந்தோட்டங்கள் பல ஆங்கிலக் குழுமங்களின் கையிலேயே இருந்தன.

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளையர் சிலர் தம் தோட்டங்களை விற்றனர். வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றனர். இத்துண்டாடலால் பாட்டாளி வேலையை மட்டுமன்று, லயத்து வீட்டையும் இழந்தான்.

இதற்கு விடையாகவே 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். மாதம் பத்து வெள்ளியாகச் சேமித்துப் பங்குதாரராகுமாறு தோட்டந்தோறும் சென்று வேண்டினார். அப்பணத்தைக் கொண்டு கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. நாட்கூலி பெற்றோர் தோட்டத்தின் உடைமையாளராயினர். ஆயினும் துண்டாடப்பட்ட தோட்டங்கள் அனைத்தையும் காக்கும் நிதிவலிமை அச்சங்கத்திற்கு இருக்கவில்லை.

1981 செப்டம்பர் 7ஆம் நாள் வேறொரு வழி பிறந்தது. அரசின் முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேஷனல், லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்திற்குள் கத்ரி குழுமத்தைத் தன்வயப்படுத்தியது. வளரும் நாடொன்று போரின்றித் தன் மண்ணை மீட்ட அருஞ்செயல் அது.

எனினும், உடைமை மாறியதால் உழைப்பவன் நிலை தானே மாறிவிடுவதில்லை. இலங்கை அரசு 1975இல் குழுமத் தோட்டங்களை நாட்டுடைமையாக்கிய பின்னரும் மலையகத் தமிழர் லயங்களிலேயே வாழ்ந்தனர். கிள்ளான் பள்ளத்தாக்கிலும் தோட்ட மண்ணிலேயே ஷா ஆலாமும் சுபாங் ஜெயாவும் எழுந்தன. நிலத்தின் மதிப்பு பன்மடங்காயிற்று. அதில் தலைமுறை தலைமுறையாய்ப் பால் வெட்டியோர்க்குப் பங்கில்லை.

ஆகவே, வளரும் நாட்டின் வினா இரண்டாகும்: செல்வம் அந்நியரிடமிருந்து மீண்டதா? மீண்டபின் அது எவர் கையை அடைந்தது? முதல் வினாவுக்கு 1981 விடை தந்தது. இரண்டாவதற்குச் சரியான விடையை, சிறிய அளவிலேனும், பத்து வெள்ளிப் பங்குகள் முன்னரே எழுதிவிட்டன. பிரிக்பீல்ட்ஸ் சாலை இன்று துன் சம்பந்தன் பெயரைத் தாங்குகிறது. அவர் காட்டிய கூட்டுறவு வழியோ இன்னும் நெடுந்தொலைவு செல்ல வேண்டியுள்ளது.