கிரேட்ஃபுல் டெட் நாடாக்கள்: தரம் பார்த்த கதை

கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் இசைக்குழு 1965-இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் தொடங்கியது. கிட்டார் கலைஞர் ஜெர்ரி கார்சியா 1995 ஆகஸ்ட் 9 அன்று இறக்கும் வரை முப்பது ஆண்டுகள் அது மேடையேறியது. நடத்திய கச்சேரிகள் 2,300-க்கும் மேல். அவற்றில் பெரும்பகுதி ஏதோ ஒரு வடிவில் ஒலிநாடாவில் தங்கியிருக்கிறது. இவ்வளவு நாடா சேர்ந்ததற்குக் காரணம் குழுவின் வாசிப்பு முறைதான். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்று பெரும்பாலும் முன்கூட்டி எழுதி வைப்பதில்லை. எடுத்த பாட்டை எவ்வளவு தூரம் விரிப்பது என்பதும் மேடையில்தான் தீர்மானமாகும். 'டார்க் ஸ்டார்' ஒரு நாள் கால் மணி நேரத்தில் அடங்கும், இன்னொரு நாள் அரை மணியைத் தாண்டும். நேற்றைய கச்சேரியைக் கேட்டவருக்கு இன்றைய கச்சேரி புதிது.

அதனால் ரசிகர்களிடையே ஒரு கேள்வி ஓயாமல் சுற்றி வந்தது: நல்ல டேப் எது? இதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. அன்றிரவு குழு நன்றாக வாசித்ததா என்பது ஒன்று. வாசித்தது நன்றாகப் பதிவானதா என்பது மற்றொன்று. இரண்டையும் பிரித்துக் கேட்கக் காதைப் பழக்கிக்கொள்ள ரசிகர்களுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

பதிவின் கதை ஆவ்ஸ்லி ஸ்டான்லியிடம் தொடங்குகிறது. 'பேர்' என்று எல்லோரும் அழைத்த இவர் குழுவின் ஆரம்பகால ஒலியமைப்பாளர். விற்பதற்காக இவர் பதிவு செய்யவில்லை. தான் வைத்த மைக் சரியான இடத்தில் இருந்ததா, தான் கலந்த ஒலி சரியாக வந்ததா என்று கச்சேரி முடிந்தபின் கேட்டுத் திருத்திக்கொள்வதற்காகப் பதிந்தார். அந்த நாடாக்களுக்கு அவர் வைத்த பெயர் 'சோனிக் ஜர்னல்', அதாவது ஒலி நாட்குறிப்பு. 1970 பிப்ரவரி 13, 14 தேதிகளில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் அவர் எடுத்தவை வெறும் இரண்டு தடப் பதிவுகள். இரண்டு தடத்தில் பதிந்ததைப் பிறகு பிரித்துக் கலக்க முடியாது. ஒரு கிட்டார் அடங்கிப் போயிருந்தால் அடங்கியதுதான். அப்படியிருந்தும் அந்த இரவுகளின் நாடாவில் இசைக்கருவிகளுக்கு நடுவே காற்றோட்டம் தெரிகிறது. மேடையில் யார் எங்கே நின்றார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

பல தடப் பதிவு இதற்கு நேர்மாறு. 1969-இல் வெளியான 'லைவ்/டெட்' 16 தடத்தில் பதிவான முதல் ராக் மேடை ஆல்பங்களில் ஒன்று. 1972 ஏப்ரல், மே மாதங்களில் ஐரோப்பாவில் நடந்த 22 கச்சேரிகளும் 16 தடத்தில் பதிவாயின. ஆனால் அந்தப் பயணத்திலிருந்து வந்த 'யூரோப் '72' ஆல்பத்தின் குரல்கள் பலவற்றை ஊர் திரும்பியபின் ஸ்டுடியோவில் மறுபடி பாடிச் சேர்த்தார்கள். ஆல்பம் என்ற அளவில் அது அருமையான வேலை. அந்த இரவுகளுக்குச் சாட்சி என்று அதை அப்படியே நம்ப முடியாது. 22 கச்சேரிகளும் 73 குறுந்தகடுகளாக முழுமையாக வெளிவந்தது 2011-இல்தான்.

ரசிகர்கள் கையில் புழங்கிய நாடாக்கள் இரண்டு வகை. ஒலிகளைக் கலக்கும் மிக்ஸரிலிருந்து கம்பி வழியாக நேரே எடுத்தது 'சவுண்ட்போர்டு'. கூட்டத்தின் நடுவே மைக் நீட்டி எடுத்தது 'ஆடியன்ஸ்'. மிக்ஸர் பதிவில் அரங்கின் எதிரொலியும் அருகிலிருப்பவர் பேச்சும் இருக்காது என்பதால் அதுவே எப்போதும் மேல் என்ற எண்ணம் நெடுநாள் நிலவியது. அது பாதி உண்மை. சிறிய அரங்கில் டிரம்ஸும் கிட்டார் ஆம்ப்ளிஃபையரும் தம் சொந்தச் சத்தத்திலேயே கடைசி வரிசை வரை எட்டிவிடும். ஒலிபெருக்கி வழியாக அவற்றைக் கூட்ட வேண்டியதில்லை. குரலைக் கூட்டினால் போதும். மிக்ஸர் நாடாவில் விழுவது அந்தக் கூட்டிய பங்கு மட்டுமே. ஆகவே குரல் காதருகே முழங்கும், கிட்டார் பக்கத்து அறையில் வாசிப்பதுபோல் ஒலிக்கும். அன்று அரங்கில் இருந்த ஒருவர்கூட அப்படிக் கேட்கவில்லை. பெரிய அரங்குகளில் எல்லாக் கருவிகளும் மிக்ஸர் வழியாகவே சென்றதால் இந்தக் குறை பெரும்பாலும் இல்லை.

1974-ஆம் ஆண்டின் நாடாக்களுக்கு வேறொரு அடையாளம் உண்டு. அந்த ஆண்டு குழு 'வால் ஆஃப் சவுண்ட்' என்ற ஒலியமைப்போடு பயணம் செய்தது. 600-க்கும் மேற்பட்ட ஸ்பீக்கர்கள் மேடையின் பின்புறம் சுவராக நின்றன. பாடுபவரின் முதுகுக்குப் பின்னாலிருந்தே ஒலி வந்ததால் அது மைக்குக்குள் புகுந்து ஊளையிடாமல் தடுக்க வேண்டியிருந்தது. அதற்காக ஒவ்வொரு பாடகருக்கும் இரண்டு மைக்குகளை ஒட்டி வைத்து, ஒன்றின் மின்முனைகளை எதிராக மாற்றிக் கட்டினார்கள். பாடகர் ஒன்றில் மட்டும் வாயை வைத்துப் பாடுவார். சுவரிலிருந்து வரும் ஒலி இரண்டிலும் சமமாக விழுந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அரங்கில் இந்த ஏற்பாடு வேலை செய்தது. நாடாவிலோ குரல் சதைப்பற்றில்லாமல் மெலிந்து விழுந்தது. பழகிய காது தேதியைப் பார்க்காமலே, இரண்டு வரி பாடுவதற்குள் 1974 என்று சொல்லிவிடும். அந்த மெலிவை வைத்து அந்த ஆண்டின் வாசிப்பைத் தள்ளிவிடுவது பெரும் தவறு. கருவிகள் அவ்வளவு தெளிவாகப் பதிவான ஆண்டுகள் குறைவு.

ஆடியன்ஸ் பதிவு ஆரம்பத்தில் ஒளிந்து செய்த வேலை. எழுபதுகளின் தொடக்கத்தில் ரெக்கார்டரைக் கோட்டுக்குள் மறைத்து அரங்கில் நுழைந்தார்கள். 1974-இல் 'டெட் ரெலிக்ஸ்' என்ற சிறு பத்திரிகை இவர்களுக்காகவே தொடங்கியது. பின்னாளில் 'ரெலிக்ஸ்' என்ற இசைப் பத்திரிகையாக வளர்ந்தது அதுதான். நாடா பரிமாற்றத்தில் காசு புழங்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். வெற்று கேசட்டும் தபால் செலவும் அனுப்பினால் பிரதி வரும். குழுவும் இதைத் தடுக்கவில்லை. 1984 அக்டோபர் 27 அன்று பெர்க்லி கம்யூனிட்டி தியேட்டரில் பதிவு செய்வோருக்கென்று தனி இடமே ஒதுக்கினார்கள். அது மிக்ஸருக்குப் பின்னால் அமைந்ததால் மேடைக்கும் மைக்குக்கும் தூரம் கூடியது. தூரம் கூடினால் ஸ்பீக்கரின் நேரொலி குறையும், சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலி ஏறும். அதனால் மிக்ஸருக்கு முன்னால் எடுத்த நாடாவுக்கு எப்போதும் மதிப்பு அதிகம். நல்ல இடத்தில் நல்ல மைக் வைத்து எடுத்த ஆடியன்ஸ் நாடா, வறண்ட மிக்ஸர் நாடாவைவிட அந்த இரவைக் கண்முன் நிறுத்தும்.

ஒரு டேப் கைக்கு வந்ததும் ரசிகர் முதலில் கேட்பது தலைமுறைக் கணக்கு. மூல நாடாவிலிருந்து நேரே எடுத்த பிரதி முதல் தலைமுறை, அதிலிருந்து எடுத்தது இரண்டாவது. கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பிரதி எடுக்கும்போது ஒவ்வொரு நாடாவும் தன் பங்குக்கு 'ஸ்ஸ்' என்ற இரைச்சலைச் சேர்க்கும். சம அளவு இரைச்சலுள்ள இரண்டு நாடாக்கள் சேர்ந்தால் இரைச்சல் 3 டெசிபல் ஏறும். ஐந்தாறு கை மாறுவதற்குள் சிம்பலின் கூர்மை மழுங்கி, மெல்லிய பகுதிகள் இரைச்சலில் மூழ்கும். டால்பி என்ற இரைச்சல் குறைப்பைப் போட்டுப் பதிந்ததை அது இல்லாமல் பிரதி எடுத்தால் இரைச்சல் இன்னும் கூர்மையாகக் குத்தும். இதைத் திருத்துகிறேன் என்று உச்ச ஒலியை வெட்டியவர்களால் கெட்ட நாடாக்களும் நிறைய. இரைச்சலோடு சிம்பலும் போய்விடும், போனது திரும்பாது.

அடுத்த சோதனை வேகம். ரெக்கார்டரின் மோட்டார் கொஞ்சம் மெதுவாக ஓடியிருந்தால், சரியான வேகத்தில் திருப்பிப் போடும்போது சுருதி ஏறும். ஆறு விழுக்காடு தவறினால் கிட்டத்தட்ட அரைச் சுரம் மாறிவிடும். கார்சியாவின் குரல் இளைத்துப் பாட்டு துள்ளலாகக் கேட்கும். குழு அன்று உற்சாகமாக வாசித்தது என்று கேட்பவர் நினைத்துக்கொள்வார், உற்சாகம் மோட்டாருடையது. பாட்டு எந்தச் சுருதியில் வாசிக்கப்படுவது வழக்கமோ அதோடு ஒப்பிட்டால் ஏமாற்றம் வெளிப்படும்.

பிறகு வெட்டுகள். 90 நிமிட கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம். குழுவின் ஒரு பகுதி வாசிப்பு ஒரு மணி நேரத்தைத் தாண்டும். கச்சேரியின் உச்சத்தில் பதிவு செய்தவர் இருட்டில் கேசட்டைத் திருப்பிக்கொண்டிருந்தால் அந்தச் சில விநாடிகள் போயின. நல்ல பதிவாளர்கள் கடிகாரம் பார்த்து, இரண்டு பாட்டுகளுக்கு நடுவே முன்கூட்டியே திருப்பிவிடுவார்கள். கேசட் அட்டையில் தேதி, இடம், வகை, தலைமுறை ஆகியவற்றோடு ஏ, பி என்று ஒரு தரமும் எழுதுவது வழக்கம். அது எழுதியவரின் காதையும் ஆசையையும் பொறுத்தது. 1987-இல் முதலில் வந்த 'டெட்பேஸ்' பாட்டுப் பட்டியல்களைத் தொகுத்தது. 1998 முதல் 2000 வரை மூன்று தொகுதிகளாக வந்த 'டெட்ஹெட்ஸ் டேப்பிங் காம்பெண்டியம்' ஒவ்வொரு நாடாவின் வாசிப்பையும் ஒலியையும் விரிவாக விமர்சித்தது. தனித்தனிக் காதுகளின் தீர்ப்பு பொது வழக்காக மாறியதில் இந்த நூல்களுக்குப் பெரிய பங்குண்டு.

பதிவின் தரம் கச்சேரியின் புகழை எப்படித் தீர்மானிக்கிறது என்பதற்கு 1977 மே 8-ஐவிட நல்ல உதாரணம் இல்லை. நியூயார்க் மாநிலத்தின் இதாக்கா நகரில், கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் நடந்த கச்சேரி அது. முடிந்து வெளியே வந்தவர்கள் மே மாதத்தில் பனி பொழிவதைக் கண்டார்கள். பதிவு செய்தவர் பெட்டி கேன்டர்-ஜாக்சன். அரங்குக்குப் போகும் கலவையை அப்படியே எடுக்காமல், மேடையிலிருந்து வந்த ஒலிகளை நாடாவுக்கென்று தனியாகக் கலந்தார். கார்சியாவின் கிட்டாரும் பாப் வியரின் கிட்டாரும் இடமும் வலமுமாக விலகி நிற்க, ஃபில் லெஷின் பேஸ் ஒவ்வொரு சுரமாக எண்ணும்படி நடுவில் நடக்கும். 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' முடிந்து 'ஃபயர் ஆன் தி மவுண்டன்' எந்த இடத்தில் தொடங்குகிறது என்று அந்த நாடாவில் விரல் வைத்துக் காட்டலாம்.

பின்னர் பெட்டி கேன்டர்-ஜாக்சனுக்குக் கஷ்ட காலம் வந்தது. நாடாக்கள் இருந்த வாடகைக் கிடங்குக்குப் பணம் கட்ட முடியாமல் 1986-இல் அவை ஏலம் போயின. வாங்கியவர்களிடமிருந்து பிரதிகள் ரசிகர்களிடம் பரவின. பழைய கச்சேரிகளின் மங்கிய பிரதிகளையே கேட்டுப் பழகியவர்களுக்கு, மூலத்துக்கு இவ்வளவு நெருக்கமான ஒலி பேரதிர்ச்சியாக இருந்தது. 'பெட்டி போர்டு' என்ற பெயர் அப்போது பிறந்தது. கார்னெல் கச்சேரியே குழுவின் ஆகச் சிறந்தது என்ற பேச்சும் அதன்பின் வலுத்தது. அந்த நாடாவின் தெளிவும் அது எளிதில் கிடைத்ததும் இல்லாவிட்டால், அதே மாதத்தின் மற்ற இரவுகளும் அதே வரிசையில் வைக்கப்பட்டிருக்கும் என்பது பலரின் வாதம். வாதத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் இரண்டாம் பகுதியை முடித்துவைக்கும் 'மார்னிங் டியூ'வில் கார்சியா படிப்படியாக ஏறும் இடத்தைக் கேட்டால், அந்தப் புகழ் வெறும் ஒலித்தெளிவால் வந்தது என்று சொல்ல மனம் வராது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2011-ஆம் ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் இதைச் சேர்த்தது. அதிகாரபூர்வ வெளியீடு வந்தது 2017-இல்.

குழுவின் சொந்தக் கிடங்கிலிருந்து நாடாக்களை வெளியிடும் வேலை 1991-இல் 'ஒன் ஃப்ரம் தி வால்ட்' ஆல்பத்தோடு தொடங்கியது. அது பல தடப் பதிவு. இரண்டு தட நாடாக்களை வெளியிடத் துணிந்தது டிக் லட்வாலா. நாடா சேகரிக்கும் ரசிகராக இருந்து கிடங்கின் காப்பாளரானவர் இவர். 1993-இல் வந்த முதல் 'டிக்ஸ் பிக்ஸ்' தொகுப்புக்கு 1973 டிசம்பர் 19 அன்று ஃப்ளோரிடாவின் டாம்பாவில் நடந்த கச்சேரியைத் தேர்ந்தார். பழைய நாடா என்பதால் ஒலியில் குறைகள் இருக்கும் என்று இந்த வரிசையின் உறைகளிலேயே எச்சரித்து அச்சிட்டார்கள். வாசிப்பு உயர்ந்தால் ஒலிக்குறையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது லட்வாலாவின் அளவுகோல். 1999-இல் அவர் இறந்தபின் டேவிட் லெமியூ பொறுப்பேற்றார். 'டிக்ஸ் பிக்ஸ்' வரிசையில் 2005 வரை 36 தொகுப்புகள் வந்தன. 2012 முதல் 'டேவ்ஸ் பிக்ஸ்' வருகிறது.

இதற்குள் நாடாவைச் சீராக்கும் கலையும் முன்னேறியது. எழுபதுகளின் நடுவிலிருந்து வந்த சில வகை நாடாக்களில் காந்தத் துகளைப் பிடித்திருக்கும் பசை ஈரம் உறிஞ்சிப் பிசுபிசுக்கும். அவற்றைச் சுமார் 54 டிகிரி செல்சியஸ் சூட்டில் சில மணி நேரம் வாட்டியபின்தான் ஓட்ட முடியும். வேகத் தவறைத் திருத்தவும் வழி பிறந்தது. ரெக்கார்டர் பதிவுக்காகச் சேர்க்கும் 'பயஸ்' என்ற, காதுக்கு எட்டாத உயர் அதிர்வு நாடாவிலேயே தங்கியிருக்கும். அதைப் படித்து, நாடா எந்த நொடியில் தயங்கியது, எங்கே விரைந்தது என்று கணக்கிட்டுத் திருத்தும் 'பிளாஞ்சன்ட்' முறை அண்மைக் கால வெளியீடுகள் பலவற்றில் பயன்படுகிறது.

மிக்ஸர் நாடாவில் ரீல் மாற்றியபோது விழுந்த வெட்டுக்கு மட்டும் எந்தக் கருவியும் உதவாது. பதிவாகாததைத் திருத்த முடியாது. அங்கே கைகொடுப்பது கூட்டத்தில் யாரோ ஒருவர் நீட்டிய மைக். அவருடைய நாடாவிலிருந்து அந்த அரை நிமிடத்தை எடுத்து, வேகமும் சுருதியும் ஒத்துவரும்படி சரிசெய்து ஒட்டுகிறார்கள். ஹெட்ஃபோனில் கேட்டால் ஒட்டு தெரியும். கிட்டார் சட்டென்று பின்வாங்கும், அரங்கம் விரியும், அருகில் ஒருவர் கை தட்டுவது கேட்கும். சில விநாடிகளில் அரங்கம் மறைந்து பேஸ் மீண்டும் காதருகே வந்து நிற்கும்.