பெயரில் நின்றுவிட்ட பிழை

சிறு வயதில் வைத்த செல்லப் பெயர், பேரன் பேத்தி எடுத்த பிறகும் சிலரை விடுவதில்லை. ஊரே 'குட்டி' என்று கூப்பிடும். ஆள் ஆறடி உயரம் இருப்பார். ஆகாயத்திலும் இப்படி ஒரு வேடிக்கை நடந்திருக்கிறது. வான நூலார் 'கிரக நெபுலா' என்கிறார்களே, அதற்கும் கிரகத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பெயரிட்டவர் வில்லியம் ஹெர்ஷல். ஜெர்மனியிலிருந்து இங்கிலாந்துக்குப் பிழைக்க வந்த சங்கீதக்காரர். தம் கையாலேயே தேய்த்துச் செய்த கண்ணாடிகளைக் கொண்டு இரவெல்லாம் வானத்தைத் துழாவியவர். 1781-இல் யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டு, கும்ப ராசியில் மங்கலான வட்டத் தட்டு ஒன்று அவருக்குத் தென்பட்டது. யுரேனஸைப் பார்த்துப் பழகிய கண் அல்லவா? இவ்வகை மேகங்களுக்கு 1785-இல் அந்தப் பெயரையே சூட்டினார். கிரகம் என்று அவர் சாதிக்கவில்லை. கிரகம் போலத் தோன்றுகிறது என்றுதான் சொன்னார்.

1790 நவம்பரில் ரிஷப ராசியில் வேறொன்றைக் கண்டார். நடுவே ஒரே நட்சத்திரம், சுற்றிலும் ஒளிப்புகை. மேகங்கள் எல்லாமே தொலைதூர நட்சத்திரக் கூட்டங்கள் என்று அதுவரை நம்பியிருந்தவர், அந்தக் கொள்கையைத் தாமே கைவிட்டார். அந்த மனசு எத்தனை பேருக்கு வரும்? ஆனால் அந்தப் புகை திரண்டு நட்சத்திரமாகக்கூடும் என்று எண்ணினார். அவர் தொட்டில் என்று நினைத்தது உண்மையில் மரணப் படுக்கை.

1864 ஆகஸ்டு 29-ஆம் தேதி, லண்டனில் தம் வீட்டுத் தோட்டத்தில் தொலைநோக்கி வைத்திருந்த வில்லியம் ஹக்கின்ஸ், இத்தகைய நெபுலா ஒன்றின் ஒளியைப் பட்டகத்தால் பிரித்துப் பார்த்தார். நட்சத்திரத்துக்குரிய வானவில் வரவில்லை. தனித்து ஒளிரும் கோடுகளே தெரிந்தன. அது வெறும் வாயு! அந்தக் கோடுகளில் சில பூமியில் அறிந்த எந்தப் பொருளுக்கும் பொருந்தாததால், 'நெபுலியம்' என்று இல்லாத ஒரு மூலகத்துக்குப் பெயர்கூட வைத்தார்கள். அது நாம் சுவாசிக்கும் பிராணவாயுதான், எலெக்ட்ரான்களை இழந்து வெட்டவெளியில் ஒளிர்கிறது என்று 1927-இல் ஐரா போவன் விளக்கினார். கிழட்டு நட்சத்திரம் உதறிய மேலாடையே இந்த மேகம் என்ற முடிவை 1956-இல் சோவியத் விஞ்ஞானி ஷ்க்லோவ்ஸ்கி முன்வைத்தார்.

ஆனால் சாகும் நட்சத்திரம் தூசியால் முக்காடிட்டுக் கொள்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளி அதற்குள் சிக்கிவிடும். இங்கேதான் ரேடியோ கை கொடுத்தது. டெலிபோன் பேச்சைக் கெடுக்கும் இரைச்சலுக்குக் காரணம் தேடிய கார்ல் ஜான்ஸ்கி, அதில் ஒரு பகுதி பால்வீதியிலிருந்தே வருகிறது என்று 1933-இல் அறிவித்தார். அந்த அலைகளுக்குத் தூசி தடையல்ல. 1980-இல் நியூ மெக்ஸிகோவில் திறந்து வைக்கப்பட்ட 27 ரேடியோத் தட்டுகள், என்.ஜி.சி. 7027 என்னும் நெபுலாவைத் தெளிவாகப் படம் பிடித்தன. சில ஆண்டுகள் இடைவிட்டு எடுத்த படங்களை ஒப்பிட்டபோது, அது விரிந்து கொண்டே போவது அளவுக்கே அகப்பட்டது.

பிறகு சிலி நாட்டில் 5,000 மீட்டர் உயரப் பாலைவனத்தில் 66 தட்டுகள் கொண்ட 'ஆல்மா' வந்தது. 2012-இல் வெளியான அதன் படம் ஒன்று, இன்னும் நெபுலாவாகாத ஆர் ஸ்கல்ப்டோரிஸ் என்ற முதிய நட்சத்திரத்தைக் காட்டியது. அது உதறிய வாயு, சங்கின் சுழிபோல் சுருண்டிருந்தது. காரணம், அதைச் சுற்றிவரும் ஒரு துணை நட்சத்திரம். படத்தில் அந்தத் துணை தெரியவில்லை. அது உடனிருந்த தடம் மட்டும் தெரிகிறது. கதை எழுதுகிறவன் இதைப் படித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க முடியுமா?

நெபுலாவின் ஆயுள் சில பத்தாயிரம் ஆண்டுகளே. கலைந்துபோகும் அந்தப் புகையில் கார்பன் இருக்கிறது. இந்த வரிகளை எழுதும் விரலிலும் படிக்கும் கண்ணிலும் உள்ள கார்பனில் ஒரு பங்கு, நம் சூரியன் பிறப்பதற்கு முன்பே மாண்ட இப்படிப்பட்ட நட்சத்திரங்கள் விட்டுச் சென்றதுதான். ஹெர்ஷல் வைத்த பெயரை யாரும் மாற்றவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும், நம் மூதாதையர் அவர்கள் என்று தெரிந்த பிறகு, பெயரில் என்ன பிழை இருந்தால்தான் என்ன?