எதை மூடுவது என்று மட்டும் கேட்டார்கள்

பிரித்தானியாவின் உப தபாற்கந்தோரை ஊரில் நாம் கண்ட தபாற்கந்தோர் போல எண்ணிக்கொள்ளக்கூடாது. பெரும்பாலும் அது ஒரு பலசரக்குக் கடையின் பின்மூலையில், தடித்த கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் ஒரு யன்னல். அதில் இருப்பவர் அரசாங்க உத்தியோகத்தருமல்லர், ஒப்பந்தத்தின் பேரில் அதை நடத்தும் கடைக்காரர். கடந்த சில பத்தாண்டுகளில் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்களில் எங்கள் தெற்காசியர் கணிசமானோர்.

கடிதம் போடுவதற்காக மட்டும் சனங்கள் அங்கே போகவில்லை. 1909 ஜனவரி 1ஆம் திகதி, எழுபது வயதைத் தாண்டிய ஏழைகளுக்குக் கிழமைக்கு ஆகக்கூடியது 5 சிலிங் என்ற முதியோர் பென்சன் முதன்முதலாகக் கொடுபட்டது தபாற்கந்தோர்களில்தான். அதிலிருந்து ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்குப் பென்சன் புத்தகத்தோடு வரிசையில் நிற்பது இந்நாட்டு முதியவர்களின் கிழமை வழக்கமாயிற்று. அந்த வரிசையில் நின்றுதான் யாருக்குச் சுகமில்லை, யார் செத்துப் போனார் என்பதெல்லாம் தெரியவரும்.

இந்த வரிசையைக் குலைத்தது அரசாங்கமே. 2003 ஏப்ரல் தொடக்கம் பென்சனும் உதவிப்பணமும் நேரே வங்கிக் கணக்குக்குப் போகத் தொடங்கின. 2006இல் தொலைக்காட்சி லைசென்ஸ் விற்கும் வேலையும் தபாற்கந்தோரை விட்டுப் போனது. வருமானத்தைப் பிடுங்கிவிட்டுப் பிறகு நட்டக் கணக்குக் காட்டினார்கள். நகரப்புறங்களில் ஏறக்குறைய 2,500 கந்தோர்கள் ஏற்கெனவே 2005க்குள் மூடப்பட்டிருந்தன. 2006 ஒக்டோபரில் நான்கு மில்லியன் கையொப்பங்கள் கொண்ட மனு பிரதமரின் வாசலுக்குப் போனது. அதே ஆண்டு டிசம்பரில் அமைச்சர் அலிஸ்டர் டார்லிங் பாராளுமன்றத்தில் எழுந்து, கிழமைக்கு 4 மில்லியன் பவுண் நட்டம், ஆகவே இன்னுமொரு 2,500 மூடப்படும் என்றார். மிஞ்சியிருந்தது 14,000க்குச் சற்று மேல்.

இனித்தான் கவனிக்கவேண்டிய விஷயம். ஒவ்வொரு பிரதேசத்திலும் ஆறு கிழமை மக்கள் கருத்துக் கேட்டார்கள். மூடலாமா என்று கேட்கவில்லை. தொகை முன்னரே தீர்மானமாகிவிட்டது. உங்கள் கந்தோர் ஏன் தப்பவேண்டும் என்று மட்டும் நீங்கள் சொல்லலாம். பஸ் வராது, பாதை ஏற்றம், நடைபாதையில் சக்கர நாற்காலி போகாது என்று ஊர்க்காரர் வரைபடம் கீறிக் காட்டினார்கள். சில இடங்களில் வென்றார்கள். ஆனால் ஒன்று தப்பினால் அநேகமாக அதற்குப் பதிலாக வேறொன்று பட்டியலில் ஏறியது. அதாவது ஒரு தெருவின் வெற்றி அடுத்த தெருவின் தலையில் விழுந்தது. எதிர்ப்பைச் சிதறடிக்க இதைவிடக் கெட்டித்தனமான ஏற்பாடு இருக்கமுடியாது.

2008 மார்ச்சில் மூடுதலை நிறுத்திவைக்கக் கோரி எதிர்க்கட்சி கொண்டுவந்த பிரேரணை 20 வாக்குகளால் தோற்றது. எதிர்த்து வாக்களித்த அமைச்சர்களில் சிலர் தத்தம் தொகுதியில் மட்டும் கந்தோரைக் காப்பாற்றப் பதாகையோடு நின்றது தனிவேடிக்கை. உருப்படியாக ஏதாவது செய்தது எசெக்ஸ் கவுண்டி கவுன்சில்தான். தன் பணத்தைப் போட்டுச் சில கந்தோர்களை மீளத் திறப்பித்தது.

கடைக்காரர் எல்லோரும் அழுதார்கள் என்றும் சொல்லமுடியாது. மூடுபவருக்கு 28 மாத வருமானம் நட்டஈடாகக் கிடைத்தது. களைத்துப்போயிருந்த பலர் அதை வாங்கிக்கொண்டு விலகினர். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த வரிசையில் எம்மவரும் நின்றார்கள். 2002இல் வவுச்சர் முறை கைவிடப்பட்ட பிறகு, தஞ்சம் கோரியவர்கள் தமது அடையாள அட்டையைக் காட்டிக் கிழமைக் காசை எடுத்தது இதே யன்னலில்தான். அதுவும் குறித்துக் கொடுத்த ஒரு கந்தோரில் மாத்திரம். அது மூடப்பட்டால் அடுத்ததற்கு நடக்கவேண்டும். பஸ்சுக்குக் கொடுத்தால் சாப்பாட்டுக் காசில் குறையும். அந்த நான்கு மில்லியன் கையொப்பங்களில் இவர்களுடையவை எத்தனை இருந்திருக்கும்? வழக்கு முடிவுக்குக் காத்திருக்கும் ஒருவன் அரசாங்கத்துக்கு எதிரான மனுவில் பெயர் எழுத இரண்டுதரம் யோசிப்பான்.

இதே ஆண்டுகளில் அந்த யன்னலுக்குப் பின்னால் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. 1999 முதல் கந்தோர்களுக்கு வந்த ஹொரைசன் என்ற கணினி முறை, இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. களவு, கணக்குப் புரட்டு என்று 2015 வரை 900க்கு மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டனர். சிறைக்குப் போனவர்களும் உண்டு. பெரும்பாலானோரின் தீர்ப்புகளை ரத்துச்செய்யும் சட்டம் 2024 மே மாதத்தில்தான் வந்தது. கந்தோரைக் காக்கவென்று கையொப்பமிட்ட அயலவரே, உள்ளே இருந்தவர் களவெடுத்தார் என்று கேள்விப்பட்டபோது அதை நம்பி, தெருவில் கண்டால் மறுபக்கம் கடந்து போன கிராமங்கள் உண்டு. அவருக்காக மனு எழுத எவரும் ஆறு கிழமை கொடுக்கவில்லை.