எண்ணின் வகையும் எழுத்தின் வகையும்: குகட்பள்ளி வகுப்பறைகளை முன்வைத்து

ஹைதராபாத்தின் குகட்பள்ளி ரைத்து பஜாரில் தக்காளி வாங்குவோர் ‘பாவு கிலோ’, ‘அர கிலோ’ என்றே கேட்கிறார்கள். மின்னணுத் தராசோ 0.250 என்று காட்டுகிறது. கால், 1/4, 0.25 மூன்றும் ஒரே எண். எழுதும் முறை மட்டுமே வேறு. ஒன்பதாம் வகுப்பில் விகிதமுறு எண், விகிதமுறா எண் என்று பிரிக்கும்போது மாணவர் தடுமாறுவதற்கு, எண்ணின் வகையையும் அதை எழுதும் முறையையும் ஒன்றாகக் கொள்வதே முதற்காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதைத் தெளிவாக்க நம் பழங்கணக்கே போதும். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியில் மனப்பாடம் செய்த கீழ்வாயிலக்கத்தில் மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. இந்த 320 என்பது ஆறு இரண்டுகளும் ஓர் ஐந்தும் பெருகிய தொகை. ஆகவே ஐந்தில் ஒன்றை ‘நாலு மா’ என்று மிச்சமின்றிச் சொல்லிவிடலாம். மூன்றில் ஒன்றை அப்படிச் சொல்ல வழியில்லை; அதற்கு 106 முந்திரி போதாது, 107 மிகும். முந்திரியையே 320 கூறாக்கிக் கீழ்முந்திரிக்கு, அதாவது 1/102400க்கு, இறங்கினாலும் பகுதியில் மூன்று வந்து சேர்வதில்லை.

தெலுங்கின் பழைய பின்னக் குறிகள் நான்கு நான்காகப் பகுத்துச் செல்பவை. அம்முறையில் கால், வீசம் எளிது. ஆனால் தமிழில் நாலு மாவாக முடிந்த ஐந்தில் ஒன்று, இங்கே 0, 3, 0, 3 என்று முடிவின்றிச் சுழலும். எண் மாறவில்லை, அடிமானம்தான் மாறியிருக்கிறது.

முடிவுறு தசமம், சுழல் தசமம் என்ற பிரிவு, ஆக, எழுத்துமுறையைச் சார்ந்தது. முடிவது அல்லது சுழல்வது, இரண்டும் இல்லாமல் போவது என்ற பிரிவு அப்படியன்று. எந்த அடிமானத்தில் எழுதினாலும் விகிதமுறு எண் முடியும் அல்லது சுழலும். √2 ஒருபோதும் அப்படி ஆகாது. தசமத்தை வைத்துக் கற்பிப்பது எளிது என்பார்கள். எளிதுதான். ஆனால் பத்து என்ற ஒரே அடிமானத்தை மட்டும் பார்த்த மாணவருக்கு, இவ்விரு பிரிவுகளில் எது எண்ணின் இயல்பு, எது எழுத்தின் விளைவு என்று பிரித்தறிய வாய்ப்பே இல்லை. πஐ 22/7 என்று எழுதிப் பழகியவர் அதை விகிதமுறு எண் என்று நம்புவதும் இதனால்தான். ஆரியபட்டர் 499இலேயே 62832/20000 என்ற விகிதத்தைத் தந்து, அது தோராயம் என்றும் சொல்லிவைத்தார். அந்த எச்சரிக்கை நம் வகுப்புகளில் இன்னும் அழுத்தமாக ஒலிக்க வேண்டும்.

தமிழ்ப் பிள்ளைகளும் தெலுங்குப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் அமரும் குகட்பள்ளியில் இதற்குத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். தெலுங்குப் பின்னக் குறிகள் 2008இலும் தமிழ்ப் பின்னக் குறிகள் 2019இலும் ஒருங்குறியில் சேர்ந்துவிட்டதால் பயிற்சித்தாளிலேயே அச்சிடலாம். விகிதமுறு எண் பாடத்தைத் தொடங்கும் ஆசிரியர்கள், தசமத்துக்குப் போகுமுன் ஐந்தில் ஒன்றை இவ்விரு முறைகளிலும் மாணவரை எழுதிப் பார்க்கச் செய்ய வேண்டும்.