கட்டளைவரிக் கருவியும் தமிழ் இணைய முகவரியும்: 'வத்தலக்குண்டு' என்னும் ஊர்ப்பெயரை முன்வைத்து

முன்னுரை

பி.ஆர். ராஜம் ஐயர் (1872–1898), சுப்பிரமணிய சிவா (1884–1925) ஆகியோர் பிறந்த ஊர் திண்டுக்கல் மாவட்டத்து வத்தலக்குண்டு. இப்பெயர் 'வத்தலக்குண்டு' என்றும் 'வத்தலகுண்டு' என்றும் இருவகையாக எழுதப்படுகிறது. படிப்பவர்க்கு இரண்டும் ஓர் ஊரே, கணினிக்கு அவ்வாறன்று. இவ்வேறுபாட்டைப் புலப்படுத்தும் 'கர்ல்' என்னும் கட்டளைவரிக் கருவியின் வரலாற்றையும் தமிழாய்வில் அதன் பயனையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கருவியின் தோற்றம்

1996 நவம்பரில் பிரேசில் நாட்டு ரஃபேல் சகுலா 'எச்.டி.டி.பி.கெட்' என்னும் சிறுநிரலை வெளியிட்டார். அரட்டை நிரலொன்றுக்கு நாணய மாற்று விகிதங்களைப் பெற விரும்பிய சுவீடன் நிரலர் டேனியல் ஸ்டென்பெர்க் அதனை விரிவாக்கினார். அது 'யு.ஆர்.எல்.கெட்' எனப் பெயர் மாறி, 1998 மார்ச் 20 அன்று 'கர்ல்' ஆயிற்று.

உலாவி இயல்பாக இறுதிப் பக்கத்தையே காட்டும். கர்ல், அனுப்பப்பட்ட கோரிக்கையையும் வழங்கியின் மறுமொழியையும் வரிவரியாகக் காட்டவல்லது. வழங்கி நிரலைத் தம் கணினியிலேயே இயக்கி, 127.0.0.1 என்னும் அக முகவரிக்குக் கோரிக்கை அனுப்பினால், இணைய இணைப்பின்றியும் சோதிக்கலாம்.

ஊர்ப்பெயரின் வடிவமாற்றம்

இணைய முகவரியின் அடிப்படை வடிவம் ஆங்கில எழுத்துகள், எண்கள், சில குறிகள் ஆகியவற்றை மட்டுமே ஏற்கும். எனவே தமிழ்ப் பெயர் யு.டி.எஃப்-8 பைட்டுகளாக்கப்பட்டு, ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியாலும் இரண்டு பதினாறடிமான இலக்கங்களாலும் எழுதப்படுகிறது. 2005 ஜனவரியில் வெளியான ஆர்.எஃப்.சி. 3986 இம்முறையை விளக்குகிறது.

இலக்கண முறையில் 'வத்தலக்குண்டு' 8 எழுத்துகளை உடையது. ஒருங்குறியில் புள்ளியும் உகரக்குறியும் தனிக் குறியீடுகள் ஆதலின் அது 13 குறியீடுகளாகிறது. ஒவ்வொன்றும் 3 பைட் பெறுவதால் 39 பைட். முகவரியில் 117 வரியுருக்கள். 'வத்தலகுண்டு' என்பதோ 7 எழுத்துகள், 11 குறியீடுகள், 33 பைட், 99 வரியுருக்கள். ஒரு ககர ஒற்று 18 வரியுருக்களாக விரிகிறது.

ஆய்வுப் பயன்

ஒரு வடிவில் மட்டும் பக்கம் அமைத்து, மறுவடிவிற்கு வழிமாற்றம் அமைக்காத வழங்கி, மற்றதற்கு 404 என மறுமொழி தரும். அவ்வெண்ணை ஆவணம் இல்லை என்பதற்குச் சான்றாகக் கொள்வது பிழை. கேட்கப்பட்ட முகவரியில் அது கிடைக்கவில்லை என்பதே அதன் பொருள். மின்னூலகம் அமைப்போர் இரு வடிவங்களையும் உள்ளகத்திலேயே சோதித்து வழிமாற்றம் அமைத்தால் இவ்விடர் நீங்கும்.

முடிவுரை

ஓர் ஒற்று மிகுதலும் மிகாமையும் இதுவரை இலக்கண விவாதமாகவே இருந்தது. இணையத்தில் அது ஓர் ஊரின் வரலாறு கண்ணில் படுவதையும் மறைவதையும் முடிவு செய்கிறது. ஆகவே கோரிக்கையை ஆராய்தல், சுவடியின் பாடவேறுபாடு நோக்குதல் போல, தமிழாய்வின் பணிகளுள் ஒன்றாதல் வேண்டும்.