எண் 54 சொல்லாத செய்தி

மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துச் சொன்னவர் திருவள்ளுவர். நோயுற்றவர், நோயைத் தீர்க்கும் மருத்துவர், மருந்து, உடனிருந்து மருந்தைக் கொடுப்பவர் ஆகிய நான்கும் ஒன்றுசேர்ந்ததே மருத்துவம் என்றார் அவர். இன்று இந்த வரிசையில் ஐந்தாவதாக ஒன்று சேர்ந்துவிட்டது. அதுதான் கணினி. மருந்தின் அளவைக் கணக்கிடுவதும், கதிர்வீச்சை அளந்து செலுத்துவதும், நோயாளியின் இதயத் துடிப்பைக் கண்காணிப்பதும் இன்று கணினியின் வேலையாகிவிட்டன.

இந்த ஐந்தாவது உறுப்பினருக்கு மற்ற நால்வருக்கும் புரியும்படி பேசத் தெரியாவிட்டால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கான விடையை மருத்துவ உலகம் 1985ஆம் ஆண்டுக்கும் 1987ஆம் ஆண்டுக்கும் இடையே மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது.

பூட்டுகளை இழந்த இயந்திரம்

கனடா அரசுக்குச் சொந்தமான அணுசக்தி நிறுவனம், புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிக்கும் இயந்திரங்களைத் தயாரித்து வந்தது. தெராக்-6, தெராக்-20 ஆகியவற்றுக்குப் பின்னர் அது உருவாக்கியது தெராக்-25. அமெரிக்காவில் 5, கனடாவில் 6 என மொத்தம் 11 இயந்திரங்கள் மருத்துவமனைகளில் பொருத்தப்பட்டன.

இந்த இயந்திரம் இரண்டு விதமாகச் சிகிச்சை அளிக்கும். தோலுக்கு அருகில் உள்ள கட்டிகளுக்கு எலெக்ட்ரான் கதிர். உடலின் ஆழத்தில் உள்ளவற்றுக்கு எக்ஸ்ரே கதிர். எக்ஸ்ரே உண்டாக்க எலெக்ட்ரான் கற்றையை ஏறக்குறைய 100 மடங்கு வலுவாகச் செலுத்த வேண்டும். அப்போது கற்றையின் பாதையில் ஓர் உலோகத் தடுப்பு இருப்பது கட்டாயம். தடுப்பு இல்லாமல் அந்தக் கற்றை நேரே மனித உடலில் பாய்ந்தால் பேராபத்து.

பழைய தெராக்-20இல், தடுப்பு சரியான இடத்தில் இல்லையென்றால் கதிர் பாயவே முடியாதபடி தனி மின்சுற்றுகளும் இயந்திரப் பூட்டுகளும் இருந்தன. தெராக்-25இல் அந்தப் பூட்டுகள் பல நீக்கப்பட்டன. அவற்றின் வேலை மென்பொருளிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்த மென்பொருளோ, பழைய தெராக்-6இன் மென்பொருளிலிருந்து வளர்த்தெடுக்கப்பட்டது. பல ஆண்டுக் காலத்தில் பெரும்பாலும் ஒரே மனிதரால் எழுதப்பட்டது.

புலி வருது கதை

சிகிச்சை அறைக்கு வெளியே அமர்ந்திருக்கும் பணியாளர், கணினித் திரையைப் பார்த்து விவரங்களைப் பதிவு செய்வார். தொடக்கத்தில், அறைக்குள் இயந்திரத்தில் அமைத்த அளவுகள் அனைத்தையும் வெளியே வந்து மீண்டும் ஒருமுறை தட்டச்சு செய்ய வேண்டும் என்று வைத்திருந்தார்கள். இரண்டும் ஒத்துப்போனால்தான் சிகிச்சை நடக்கும். இதற்கு நேரம் அதிகமாகிறது என்று பணியாளர்கள் குறைபட்டுக்கொண்டதால், நுழைவு விசையை வரிசையாகத் தட்டினாலே போதும் என்று நிறுவனம் மாற்றிக் கொடுத்தது. வேலை எளிதாயிற்று. ஆனால் ஒருவர் தம் பதிவைத் தாமே சரிபார்க்கும் வாய்ப்பும் அதோடு போயிற்று.

இதைவிடப் பெரிய சிக்கல் வேறொன்று. ஏதேனும் கோளாறு என்றால் திரையில் ‘கோளாறு’ என்ற சொல்லும் 1 முதல் 64 வரையிலான ஓர் எண்ணும் தோன்றும். அந்த எண் எதைக் குறிக்கிறது என்று பணியாளருக்குக் கொடுத்த கையேட்டில் விளக்கம் இல்லை. பெரும்பாலான கோளாறுகளுக்கு ‘பி’ என்ற விசையைத் தட்டினால் போதும், சிகிச்சை தொடரும். ஒரே நாளில் 40 முறை வரை இத்தகைய அறிவிப்புகளைக் கண்டதுண்டு என்று ஒரு பணியாளர் பின்னர் கூறினார்.

புலி வருது, புலி வருது என்று கத்திய சிறுவனின் கதை எல்லாருக்கும் தெரியும். கதையில் பொய் சொன்னவன் சிறுவன். இங்கே நாள்தோறும் வீண் கூச்சல் எழுப்பியது இயந்திரம். அதைக் கேட்டுக் கேட்டு, பொருட்படுத்தாமல் இருக்கப் பழகிக்கொண்டவர்கள் பணியாளர்கள்.

டைலர் நகரில் நடந்தது

1986 மார்ச் 21. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உள்ள டைலர் நகரின் புற்றுநோய் மையம். ஒருவர் தம் ஒன்பதாவது சிகிச்சைக்காக வந்திருந்தார். அனுபவமுள்ள பெண் பணியாளர் வேகமாக விவரங்களைப் பதிவு செய்தார். எலெக்ட்ரானைக் குறிக்கும் ‘இ’ என்ற எழுத்துக்குப் பதிலாக, பழக்கத்தின் காரணமாக எக்ஸ்ரேயைக் குறிக்கும் ‘எக்ஸ்’ என்ற எழுத்தைத் தட்டிவிட்டார். உடனே தவற்றைக் கவனித்து, மேல்நோக்கிச் செல்லும் விசையால் அந்த இடத்திற்குப் போய்த் திருத்தினார். திரையில் எல்லாம் சரியாகவே இருந்தது. கதிரைச் செலுத்தினார். ‘கோளாறு 54’ என்று திரை காட்டியது. கொடுக்க வேண்டியதைவிட மிகக் குறைவான கதிர்தான் சென்றிருப்பதாகவும் அது சொன்னது. அவர் வழக்கம்போல் ‘பி’ விசையைத் தட்டினார்.

உள்ளே படுத்திருந்தவருக்கு முதுகில் மின்சாரம் தாக்கியது போல் இருந்தது. எழ முயன்றபோது இரண்டாவது முறையும் பாய்ந்தது. அன்று அறையைக் காட்டும் திரை இணைக்கப்படவில்லை. பேசும் கருவியும் பழுதாகி இருந்தது. அவர் கதவை ஓங்கித் தட்டிய பிறகுதான் வெளியே இருந்தவருக்குத் தெரிந்தது. அவருக்குத் தரப்பட வேண்டிய அளவு 180 ராட். உடலில் பாய்ந்தது 16,500 முதல் 25,000 ராட் வரை இருக்கலாம் எனப் பின்னர் மதிப்பிடப்பட்டது. ஐந்து மாதங்களில் அவர் இறந்தார்.

இயந்திரம் சோதிக்கப்பட்டது. கோளாறு எதுவும் தென்படவில்லை. ஏப்ரல் 7ஆம் தேதி மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. நான்கே நாள்களில், அதே பணியாளரின் கையில், அதே எண் 54 தோன்றியது. முகத்தில் சிகிச்சை பெற்ற அந்த நோயாளி மூன்று வாரத்தில் உயிரிழந்தார்.

எட்டு விநாடி

உண்மையைக் கண்டுபிடித்தவர்கள் இயந்திரத்தைச் செய்தவர்கள் அல்லர். டைலர் மையத்தின் இயற்பியலாளரும் அந்தப் பெண் பணியாளரும்தான் விடாமல் முயன்று, எண் 54ஐ வேண்டும்போது வரவழைக்கும் வழியைக் கண்டார்கள். இயந்திரத்தின் காந்தங்கள் நிலைகொள்ள ஏறக்குறைய எட்டு விநாடி ஆகும். அந்த இடைவெளிக்குள் ஒருவர் பதிவைத் திருத்தி முடித்துவிட்டால், திரை புதிய பதிவைக் காட்டும். ஆனால் மென்பொருளின் ஒரு பகுதி பழைய பதிவையே பிடித்துக்கொண்டிருக்கும். மெதுவாகத் தட்டச்சு செய்து சோதித்த பொறியாளர்களுக்கு இது அகப்படவில்லை. வேலையில் தேர்ச்சி பெற்றவரின் விரல் வேகத்தில்தான் அது வெளிப்பட்டது.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்த பழைய தெராக்-20இலும் இதே பிழை இருந்தது பின்னர் தெரியவந்தது. அங்கே மாணவர்கள் தாறுமாறாக விசைகளைத் தட்டும்போது மின் உருகி எரிந்துபோகும், அவ்வளவுதான். இயந்திரப் பூட்டுகள் அங்கே மனித உயிரைக் காத்து நின்றன.

டைலர் நிகழ்வுகளுக்கு முன்பே எச்சரிக்கைகள் வந்திருந்தன. 1985 ஜூன் மாதம் ஜார்ஜியா மாநிலத்தின் மேரியெட்டா நகரில் ஒரு மூதாட்டி தம் உடல் சுட்டுவிட்டது என்றார். அப்படி நடக்க வாய்ப்பே இல்லை என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அதே ஆண்டு யாக்கிமா நகரில் ஒருவரின் தோலில் சிவந்த கோடுகள் தோன்றின. இயந்திரத்தால் அது நேர்ந்திருக்க முடியாது என்று நிறுவனம் எழுதியது. நோயாளியின் உடல் சொன்னதை விட்டுவிட்டு, இயந்திரத்தின் எண் சொன்னதை நம்பினார்கள். மொத்தம் ஆறு பேர் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர். குறைந்தது மூவர் உயிரிழந்தனர்.

டைலருக்குப் பிறகு நிறுவனம் முதலில் சொன்ன தீர்வு என்ன தெரியுமா? மேல்நோக்கிச் செல்லும் விசையைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தை மின் ஒட்டுநாடாவால் மூடச் சொன்னது! அது போதாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மறுத்தது. 1987 ஜனவரியில் யாக்கிமாவில் வேறொரு மென்பொருள் பிழையால் மீண்டும் விபத்து நேர்ந்த பிறகே, சீர்திருத்தம் முடியும்வரை இயந்திரங்களை நிறுத்திவைக்க அதிகாரிகள் பரிந்துரைத்தனர். பின்னர் மென்பொருளைச் சாராத பூட்டுகள் சேர்க்கப்பட்டன. பொருள் விளங்கும் அறிவிப்புகளும் வந்தன.

பனாமா தந்த இரண்டாவது பாடம்

இத்துடன் கதை முடிந்துவிடவில்லை. பனாமா நாட்டின் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் 2000ஆம் ஆண்டுக்கும் 2001ஆம் ஆண்டுக்கும் இடையே 28 நோயாளிகள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர். நலமான உறுப்புகளை மறைக்கும் தடுப்புக் கட்டைகளை நான்கு வரைதான் பதிவு செய்ய அங்கிருந்த மென்பொருள் இடம் தந்தது. மருத்துவருக்கு ஐந்தாவது தேவைப்பட்டது. பணியாளர்கள் எல்லாக் கட்டைகளையும் சேர்த்து ஒரே கட்டையைப் போல் பதிவு செய்யும் வழியைக் கண்டுபிடித்தார்கள். கணினி மறுப்பு எதுவும் சொல்லாமல் அதை ஏற்றுக்கொண்டு, சிகிச்சை நேரத்தைத் தவறாகக் கூட்டிக் கணக்கிட்டது. கையால் கணக்கிட்டுச் சரிபார்க்கவும் அங்கே யாரும் முற்படவில்லை. 2004இல் இயற்பியலாளர்கள் இருவருக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

விசையைத் தட்டிய விரலைத் தண்டிப்பது எளிது. அந்த விரல் ஏன் அங்கே போயிற்று என்று கேட்பதுதான் கடினம். தெராக்-25 விபத்துகளை நான்சி லெவ்சனும் கிளார்க் டர்னரும் ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட கட்டுரை அந்தக் கேள்வியைத்தான் எழுப்பியது. 2006இல் மருத்துவக் கருவிகளின் மென்பொருளுக்கும், 2007இல் அக்கருவிகளைப் பயன்படுத்துவோரின் வசதிக்கும் பாதுகாப்புக்கும் அனைத்துலகத் தரவிதிகள் வந்தன. தாதியும் பணியாளரும் உண்மையான வேலைச் சூழலில் கருவியை எப்படிப் பயன்படுத்துவர், எங்கே தவறுவர் என்று முன்கூட்டியே ஆராய வேண்டும் என்பது அவ்விதிகளின் சாரம்.

மனிதர் தவறுவார், களைப்பார், அவசரப்படுவார், பழக்கத்திற்கு அடிமையாவார். இவை புதிய செய்திகள் அல்ல. நல்ல கருவி இதையெல்லாம் எதிர்பார்த்தே வடிவமைக்கப்படுகிறது. ஆபத்தில்லாதபோது அது அமைதி காக்கும். ஆபத்து வரும்போது என்ன ஆபத்து என்று தெளிவாகச் சொல்லும். சொல்லியும் கேட்காவிட்டால் தானே கதவை அடைத்துக்கொள்ளும். வள்ளுவர் வரிசையில் முதலிடம் நோயுற்றவருக்கே. ‘சுடுகிறது’ என்று அவர் சொல்லும்போது, திரையில் எந்த எண் தெரிந்தாலும், முதலில் கேட்க வேண்டியது அவருடைய குரலைத்தான்.