யாருக்கு இடம்? அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் சீசன் உருவான வரலாறு

அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃபின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு தடங்களில் செல்கிறார்கள். ஒன்று வீரர் வரிசை: ஹேகன், நெல்சன், ஹோகன், பால்மர், நிக்லஸ், உட்ஸ். மற்றொன்று பணக் கணக்கு. 1934ஆம் ஆண்டின் பரிசுப் பட்டியலில் முதலிடம் பிடித்த பால் ரன்யன் அவ்வாண்டு முழுவதும் ஈட்டியது 6,767 டாலர். 2024இல் ஸ்காட்டி ஷெஃப்ளர் போட்டிப் பரிசாக மட்டும் ஈட்டியது 2 கோடியே 92 லட்சம் டாலர். இரண்டு தடங்களும் பயனுள்ளவைதாம். ஆனால் சீசன் என்ற அமைப்பு ஏன் இப்படி உருவெடுத்தது என்ற கேள்விக்கு அவற்றில் விடை இல்லை.

கோல்ஃப் தொடரில் அணி இல்லை, சம்பளம் இல்லை, ஒப்பந்த ஊதியம் இல்லை. வாரந்தோறும் நடக்கும் போட்டியில் முதல் இரண்டு நாள் ஆட்டம் முடிந்ததும் ஏறக்குறையப் பாதிப் பேர் ‘வெட்டு’ எனப்படும் முறையில் வெளியேற்றப்படுவார்கள். அவர்களுக்கு ஒரு காசும் கிடையாது; விடுதி வாடகையும் கேடிக்கூலியும் கைப்பணம். இப்படிப்பட்ட தொழிலில் எவ்வளவு பரிசு என்பது இரண்டாவது கேள்விதான். அடுத்த வாரம் ஆட இடம் உண்டா என்பதே முதல் கேள்வி. அந்த இடத்தைப் பங்கிடும் விதிகள் மாறிய கதையே சீசனின் கதை என்பது இக்கட்டுரையின் வாதம்.

பனிக்கால வேலை

தொழில்முறை கோல்ஃபர்கள் சங்கமான பி.ஜி.ஏ. 1916இல் தொடங்கப்பட்டபோது அதன் உறுப்பினர்கள் முதன்மையாகக் கிளப் ஊழியர்கள். ஆட்டம் கற்றுக்கொடுப்பது, மட்டைகளைச் செப்பனிடுவது, கிளப் கடையில் பந்து விற்பது ஆகியவையே அவர்கள் பிழைப்பு. குளிர்காலத்தில் வடமாநிலங்களின் மைதானங்கள் பனியில் மூடிவிடும். வேலையற்ற அந்த மாதங்களில் அவர்கள் தெற்கும் மேற்குமாகப் புறப்பட்டார்கள். ஃபுளோரிடா, டெக்சஸ், கலிபோர்னியா ஊர்களின் வணிகர்களும் விடுதிக்காரர்களும் தங்கள் ஊருக்குக் கூட்டம் சேர்க்கப் பரிசு அறிவித்தார்கள். 1922இல் சான் அன்டோனியோ நகரின் பிராக்கன்ரிட்ஜ் பூங்காவில் நடந்த முதல் டெக்சஸ் ஓப்பனின் பரிசு 5,000 டாலர். நான்கே ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சலிஸ் 10,000 டாலர் அறிவித்தது. ஹாரி கூப்பர் வென்றார்.

ஆக, தொடக்கத்தில் சீசன் என்பது குளிர்காலத்தைக் கழிக்கும் வழி. வசந்தம் வந்ததும் அவரவர் கிளப்புக்குத் திரும்பிவிடுவார்கள். இந்த இடைக்கால ஏற்பாட்டை ஆண்டு முழுவதுக்குமான அட்டவணையாக நீட்ட முயன்றவர் பாப் ஹார்லோ. வால்டர் ஹேகனின் மேலாளராக இருந்த அவர் 1930இல் பி.ஜி.ஏ.வின் போட்டிப் பிரிவுப் பொறுப்பை ஏற்றார். பின்னர் அந்த வேலை ஃபிரெட் கார்கரனிடம் போனது. ஆட்டக்காரர்களை ஊர் ஊராக நடத்திச் செல்ல ஒரு மேலாளர் தேவைப்பட்டார் என்பதே, அது பகுதிநேர வேலையாக இல்லாமல்போன அடையாளம்.

1945

பைரன் நெல்சன் 1945இல் 18 போட்டிகளை வென்றார். அவற்றுள் 11 தொடர்ச்சியானவை. மார்ச்சில் மயாமியில் ஜக் மெக்ஸ்பேடனுடன் சேர்ந்து வென்ற இணையாட்டத்தில் தொடங்கிய வரிசை ஆகஸ்டில் கனடா ஓப்பன் வரை நீண்டது. அடுத்து மெம்பிசில் அதை முறித்தவர் தொழில்முறை வீரர்கூட அல்லர். ஃபிரெட் ஹாஸ் என்ற அமெச்சூர்.

போரில் பலர் போயிருந்ததால் போட்டி இளைத்திருந்தது என்ற விமர்சனம் அன்றே உண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் எதிராளி பலவீனமானவர் என்பதற்காகப் பந்து தானாகக் குழிக்குள் போய்விழாது. ஓர் ஆண்டு முழுவதும் சுற்றுக்குச் சராசரி 68.33 அடிகள் என்ற கணக்கு எதிராளிகளைப் பொறுத்ததன்று. போதாததற்கு சாம் ஸ்நீட் அந்த ஆண்டு களத்தில்தான் இருந்தார்.

அதிகம் பேசப்படாத செய்தி வேறு. ஒஹாயோவின் டொலீடோ நகரில் உள்ள இன்வர்னஸ் கிளப்பில் தலைமைப் பயிற்றுநராக இருந்த நெல்சன் 1944 முடிவில் அந்த வேலையை விட்டுவிட்டார். கிளப் கடமை எதுவும் இல்லாமல் முழுச் சீசனும் ஆடினால் ஒரு வீரரால் என்ன செய்ய முடியும் என்பதற்கு 1945 ஒரு சோதனையாகிவிட்டது. சோதனையின் முடிவு இருபுறமும் பேசுகிறது. 63,335 டாலர் பரிசு வந்தது. ஆனால் அது பெரும்பாலும் போர்க்காலக் கடன் பத்திரங்களாகவே வந்தது. முதிர்வுக்கு முன் பணமாக்கினால் முகமதிப்பு முழுவதும் கைக்கு வராது. மறு ஆண்டே, 34 வயதில், நெல்சன் முழுநேர ஆட்டத்திலிருந்து விலகி டெக்சஸின் ரோனோக்கில் வாங்கிய பண்ணைக்குப் போய்விட்டார். உச்சத்தில் இருந்தவருக்கே தொடர் ஒரு நிலையான தொழிலாகப் படவில்லை.

ரிச்மண்டில் மூடிய வாசல்

1948 ஜனவரி. லாஸ் ஏஞ்சலிஸ் ஓப்பனில் முதல் 60 இடங்களுக்குள் வருபவர்களுக்கு அடுத்த வாரம் ஓக்லண்டை அடுத்த ரிச்மண்டில் நடக்கும் போட்டியில் தாமாகவே இடம் உண்டு. இன்றைய தகுதி முறைகளின் கரு இந்த எளிய விதியில்தான் இருக்கிறது. பில் ஸ்பில்லர், டெட் ரோட்ஸ் என்ற இரு கறுப்பின வீரர்கள் அந்த 60க்குள் வந்தார்கள். ரிச்மண்டுக்குப் போனார்கள், பயிற்சிச் சுற்றும் ஆடினார்கள். அதன்பின் நீங்கள் பி.ஜி.ஏ. உறுப்பினர் இல்லை, ஆட முடியாது என்று பதில் வந்தது. உறுப்பினராகவும் முடியாது: வெள்ளை இனத்தவருக்கு மட்டுமே உறுப்பினர் உரிமை என்று 1934இலேயே சங்கம் விதி எழுதிவைத்திருந்தது.

உள்ளூர் வீரர் ஒருவரும் சேர, மூவரும் வழக்குத் தொடுத்தார்கள். இனிப் பாகுபாடு காட்டமாட்டோம் என்று சங்கம் வாக்களித்ததும் வழக்கு திரும்பப் பெறப்பட்டது. அதற்குப் பிறகு நடந்தது நிர்வாகத் தந்திரத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. ஓப்பன் என்ற பெயரில் நடந்த போட்டிகள் ‘அழைப்புப் போட்டி’களாகப் பெயர் மாறின. யாரையும் தடுப்பதில்லை, அழைப்பதும் இல்லை.

ஸ்பில்லர் பிற்காலத்தில் லாஸ் ஏஞ்சலிஸின் ஹில்கிரஸ்ட் கிளப்பில் கேடியாக வேலை பார்த்தார். அங்கே ஆட வந்த ஒரு வணிகரிடம் தன் கதையைச் சொன்னார். வணிகர் அதைக் கலிபோர்னியாவின் தலைமை அரசு வழக்கறிஞர் ஸ்டான்லி மோஸ்க்கிடம் கொண்டுபோனார். இந்த விதியை வைத்துக்கொண்டு கலிபோர்னியாவின் பொது மைதானங்களில் போட்டி நடத்த முடியாது என்றார் மோஸ்க். மற்ற மாநிலங்களின் வழக்கறிஞர்களுக்கும் எழுதினார். லாஸ் ஏஞ்சலிசில் நடக்கவிருந்த 1962 பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் பென்சில்வேனியாவுக்கு மாற்றப்பட்டது. 1961 நவம்பரில் விதி நீக்கப்பட்டது. பீட் பிரவுன் 1964இல் வாக்கோ டர்னர் ஓப்பனையும், சார்லி சிஃபர்ட் 1967இல் ஹார்ட்ஃபர்டையும் வென்றார்கள். ஸ்பில்லருக்கு விதி நீங்கிய ஆண்டில் வயது 48. அவருடைய சீசன்கள் முடிந்திருந்தன.

நிறவிதியைத் தொடரின் வரலாற்றில் ஒரு கறை என்று தனியே குறித்துவிட்டு நகர்வது வழக்கம். அது போதாது. உறுப்பினர் சங்கம் என்ற உருவமே இடத்தை மறுக்கும் கருவியாக இருந்தது. வெள்ளையரும் அதன் காலதாமதத்தை அனுபவித்திருக்கிறார்கள்: 1954இல் தொழில்முறைக்கு வந்த ஆர்னால்ட் பால்மரால், பயிலுநர் காலம் முடியும்வரை காத்திருந்து 1958இல்தான் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பில் ஆட முடிந்தது.

திறவுகோல் கைமாறுகிறது

தொலைக்காட்சி வந்ததும் கணக்கு மாறியது. 1963இல் பால்மர் ஒரே சீசனில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டிய முதல் வீரரானார். ஒளிபரப்புப் பணம் தங்கள் முகத்துக்காக வருகிறது, ஆனால் அதைப் பற்றிய முடிவைப் பல ஆயிரம் கிளப் பயிற்றுநர்களின் சங்கம் எடுக்கிறது என்பது சுற்றாட்டக்காரர்களின் குறை. 1968 ஆகஸ்டில் நிக்லஸ், கார்ட்னர் டிக்கின்சன் உள்ளிட்டோர் பிரிந்து தனி அமைப்பு கண்டார்கள். டிசம்பரில் சமரசம் ஏற்பட்டது. சங்கத்துக்குள்ளேயே தன்னாட்சிப் போட்டிப் பிரிவு. அதன் கொள்கைக் குழுவில் வீரர்கள் 4 பேர், சங்க அலுவலர் 3 பேர், வெளியார் 3 பேர். ஜோ டே முதல் ஆணையர். 1975இல் அப்பிரிவு பி.ஜி.ஏ. டூர் என்று பெயர் பெற்றது.

இடம் பங்கிடும் அதிகாரம் ஆட்டக்காரர் கைக்கு வந்ததும் வாசல் விரிந்ததா? இதற்கு நேரான விடை இல்லை. 1965 முதல் ‘கியூ ஸ்கூல்’ எனப்படும் தகுதித் தேர்வு நடந்துவந்தது. முதல் ஆண்டில் 17 பேருக்கு டூர் கார்டு கிடைத்தது. ஆனால் கார்டு என்பது ஆடும் உரிமை அன்று, ஆட முயலும் உரிமை. முந்தைய ஆண்டின் பரிசுப் பட்டியலில் முதல் 60 பேருக்கும், அண்மைய வெற்றியாளர் போன்ற சிலருக்கும் இடம் உறுதி. மற்றவர்கள் திங்கட்கிழமை தகுதிச் சுற்றில் போராட வேண்டும். அதில் தேறி, போட்டியில் வெட்டையும் தாண்டினால் அடுத்த வாரம் இடம் உண்டு. தாண்டாவிட்டால் வெள்ளி மாலையே மூட்டை கட்டி, அடுத்த ஊருக்குக் கார் ஓட்டி, மீண்டும் திங்கட்கிழமை. இவர்களுக்கு ‘முயல்கள்’ என்று பெயர்.

இந்த முயல் வாழ்க்கையை ஒழிக்கச் சக ஆட்டக்காரர்களிடம் ஆதரவு திரட்டியவர் கேரி மெக்கார்ட். அவரே முயலாக இருந்தவர். ஆணையர் டீன் பீமன் ஏற்றுக்கொள்ள, 1983 முதல் பரிசுப் பட்டியலின் முதல் 125 பேருக்கு மறு ஆண்டு முழுவதும் இடம் உறுதியானது. என் மதிப்பீட்டில் 1968ஐவிட இதுவே பெரிய திருப்பம். இதற்குப் பிறகுதான் சீசன் என்பதற்கு ஒரு முழு அலகு என்ற பொருள் வந்தது: ஓராண்டு ஆட்டம் அடுத்த ஓராண்டின் பிழைப்பைத் தீர்மானிக்கும். முதலிடத்துக்கான போட்டியைப் போலவே 125ஆம் இடத்துக்கான போராட்டமும் செய்தியானது. அதே விதி சீசன் நடுவில் வெளியிலிருந்து நுழையும் வழியைச் சுருக்கியது. திங்கட்கிழமைக்கு மிஞ்சியவை வழக்கமாக நான்கு இடங்கள்.

அந்தச் சந்து எவ்வளவு குறுகியது என்பதற்கு ஓர் இந்தியச் சான்று உண்டு. அசன்சோலில் பிறந்து, கியூ ஸ்கூல் வழியே டூர் கார்டு பெற்ற முதல் இந்தியர் அர்ஜுன் அட்வால், காயத்துக்குப்பின் 2010இல் அந்தக் கார்டை இழந்தார். ஆகஸ்டில் வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நடந்த விண்டம் சாம்பியன்ஷிப்புக்குத் திங்கட்கிழமைச் சுற்றில் தேறி நுழைந்தார். முதல் நாள் 61 அடிகள். நான்கு நாள் மொத்தம் 260. ஓர் அடி வித்தியாசத்தில் கோப்பை. பி.ஜி.ஏ. டூரில் ஓர் இந்தியரின் முதல் வெற்றி அது. திங்கட்கிழமை தேறி வந்த ஒருவர் வென்றது 1986க்குப்பின் அப்போதுதான்.

குறுகும் வட்டம்

2007க்குப் பிந்தைய மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவ்வாண்டு ஃபெடெக்ஸ் கோப்பைப் புள்ளிமுறை வந்தது. முதல் கோப்பையும் ஒரு கோடி டாலர் ஊக்கத்தொகையும் டைகர் உட்ஸுக்கு. 2013இல் சீசன் அக்டோபரில் தொடங்கி இரண்டு ஆண்டுகளில் கால்வைத்தது. அதே ஆண்டு கியூ ஸ்கூல் நேரடிக் கார்டு வழங்குவது நின்றது. பத்து ஆண்டு கழித்து 2023இல் ஐந்து கார்டுகளுக்கு மட்டும் அது மீண்டது. 2024இல் சீசனும் ஜனவரிக்கே திரும்பிவிட்டது.

2022இல் சவூதி அரசு நிதியின் பணத்துடன் லிவ் தொடர் வந்தது: 48 பேர், மூன்றே நாள், வெட்டு கிடையாது, போட்டிக்கு 2.5 கோடி டாலர். பி.ஜி.ஏ. டூர் அதைக் கண்டித்தது. சேர்ந்தவர்களை இடைநீக்கம் செய்தது. பிறகு அதன் உருவத்தில் பாதியைத் தானும் எடுத்துக்கொண்டது. 2024 முதல் சுமார் 70 முதல் 80 பேர் ஆடும், 2 கோடி டாலர் பரிசுள்ள எட்டு ‘சிக்னேச்சர்’ போட்டிகள் அட்டவணையின் நடுப்புள்ளியாயின. அவற்றில் ஐந்தில் வெட்டே இல்லை. வெட்டு இல்லாத போட்டியில் கடைசியாக வருபவருக்கும் பணம் உண்டு. 1945இல் நெல்சனுக்கே கிடைக்காத உறுதி அது. கிடைப்பது உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும்.

2024 நவம்பரில் கொள்கைக் குழு எடுத்த முடிவின்படி, 43 ஆண்டுகள் நிலைத்த 125 என்ற எண் 2026 சீசனுக்கு 100 ஆகக் குறைந்துவிட்டது. அடுத்த நிலைத் தொடரான கார்ன் ஃபெர்ரி டூரிலிருந்து ஏறிவருவோருக்கான கார்டுகள் 30இலிருந்து 20 ஆயின. 120 பேர் ஆடும் போட்டிகளில் திங்கட்கிழமைத் தகுதிச் சுற்றே இனி இல்லை.